மூன்றாவது வீதியின் கடைசி ஒரு அடி

கோயமுத்தூருக்கு வடக்கே, நகரம் இடம் போதாமல் கையையும் காலையும் நீட்டத் தொடங்கிய காலத்தில், ஒரே ஒரு அடி நிலம் இருந்தது. அதற்கு சைட் நம்பர் கிடையாது, வேலி கிடையாது, வரி கிடையாது, பெயர் கிடையாது, நடந்து போகிறவர்கள் அதன்மேல் கால் வைக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஒரு அடி, ஓர் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் வளர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வளர்வதுபோல, வளரும்போது யார் கண்ணிலும் படாமல், பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தது. அதை முதலில் பார்த்தவர் முத்துவேல் கார்டன் மூன்றாவது வீதியின் கடைசி வீட்டுக்காரர் சென்னியப்பன். அவருக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்த ஒரு அடியை விட்டது அவருடைய வலது கை.

சென்னியப்பன் லே-அவுட் வரைகிறவர். காந்திபுரத்தில் ஒரு மாடியில், வரைபட நகல் எடுக்கிற அமோனியா வாசம் கண்ணைக் கரிக்கும் அறையில், முப்பத்தோரு வருஷம் ஒரே முக்காலியில் உட்கார்ந்து, ட்ரேசிங் ஷீட்டில் மைப்பேனாவால் கோடு போட்டுப் போட்டு, நகரத்தின் வடக்குப் பக்கத்து வீதிகளில் பாதியைப் பெற்றெடுத்தவர் அவர். கோடு தப்பிப் போனால் பாதி பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி, மறுபடி போடுவார். சுரண்டியது தெரியாமல் சுரண்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். முத்துவேல் கார்டனுக்கு வரைந்தபோது, அந்த நிலத்தை வாங்கி மனை மனையாகப் பிரித்து விற்கிற புரோமோட்டர் பழனிவேலு பின்னால் வந்து நின்று, மூன்றாவது வீதியின் கிழக்கு முனையில் விரலை வைத்தார்.

"அண்ணா, இங்க கடைசியில ஒரு அடி விட்டுப் போடுங்க. நாளைக்கு அக்கட்டக் காட்டுல எவனாச்சும் சைட் போட்டான்னு வைங்க, நம்ம ரோட்டை ஓசியில இழுத்துட்டுப் போயிருவான். ஒரு அடி நம்முளுதா இருந்தா, நம்மகிட்ட வந்து நிக்கோணுமில்லீங்க?"

இது ஊரெங்கும் நடக்கிற வழக்கம்தான். ஒரு லே-அவுட்டின் வீதி அடுத்த லே-அவுட்டின் வீதியைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு புரோமோட்டரும் ஓர் அடியை மடியில் முடிந்து வைத்துக்கொள்வார். சென்னியப்பனும் இதற்கு முன் நாற்பது வீதிகளுக்கு அப்படி விட்டிருக்கிறார். வீதி முனையில் ஒரு கோடு, அதை ஒட்டி இன்னொரு கோடு போட்டார். காபி வந்தது, குடித்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே வீதியின் கடைசி சைட்டை அவரே வாங்கி வீடு கட்டிக் குடிவந்தார். நாலு வருஷம் கழித்துக் கிழக்கே இருந்த விவசாயக் காட்டில் வேறொரு புரோமோட்டர் குறிஞ்சி அவென்யூ போட்டார், அதற்கும் வரைபடம் சென்னியப்பன் மேஜைக்கே வந்தது. அவர் அதன் ஐந்தாவது வீதியைத் தன் மூன்றாவது வீதிக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி, வேண்டுமென்றே கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு நேரே பீளமேட்டுக்குப் போய், மில் லைன் வீட்டில் ஒற்றையாக இருந்த தன் அக்கா பூவாத்தாளிடம், "எனக்கு எதிர்ல வந்துரு அக்கா, கேட்டைத் திறந்தா என் கேட்டு" என்று சொன்னார். பூவாத்தாள் ஸ்பின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் நூல் சுற்றியவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, எதையும் யோசிக்காமல் தொட்டுவிடுகிற கை. தம்பியைவிட ஆறு வயது மூத்தவள், பிள்ளை இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி சொன்ன ஒரே சொல்லுக்காக முப்பது வருஷத்துச் சிநேகிதிகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு பீரோவோடும் ஓர் ஆட்டுக்கல்லோடும் ஐந்தாவது வீதியின் முதல் வீட்டில் வந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருஷத்தைப் பற்றி மட்டும் அந்த வீதிக்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், வேலை கெட்டுவிடும். இரண்டு வீதியும் ஒன்றாகிக் கிடந்த காலம் அது. தண்ணி லாரி அவென்யூவுக்குத்தான் வரும், ஹாரன் கேட்டதும் கார்டன் பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள். இஸ்திரி வண்டி கார்டனில்தான் நிற்கும், அவென்யூ ஆண்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். மார்கழியில் அவென்யூப் பெண்கள் ஆரம்பித்த கோலத்தை கார்டன் பெண்கள் முடிப்பார்கள், இடையில் எங்கே ஓர் அடி இருந்தது என்று கோலப்பொடிக்குத் தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு ஷாமியானாவின் பாதி அங்கேயும் பாதி இங்கேயும் நின்றது. சாயங்காலம் ஆனால் வெறுமனே நடக்கவென்றே ஜனம் நடந்தது, இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு, அந்த முனையில் இருந்து இந்த முனைக்கு, வழியெல்லாம் யாராவது ஒருவர் நின்று பேச இருந்தார்கள்.

பூவாத்தாள் கேட்டில் இருந்து சென்னியப்பன் கேட்டுக்கு எட்டி வைத்து நடந்தால் முப்பத்தெட்டு எட்டு. அவர் மனைவி காலமான பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவருவாள், அடுப்பில் இருந்து இறக்கின கையோடு, மேலே நெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்கும். வெறுங்கையால் தூக்கிவருவாள். அவர் வாங்கின வேகத்தில் 'ஸ்ஸ்' என்று திண்டில் வைத்துவிட்டு, தோள் துண்டில் விரலைத் துடைப்பார்.

"ஆம்பளக் கையாடா அது? காயிதத்துல கோடு போட்ட கை, சூடு தாங்குமா!" என்று அவள் சிரிக்கிற சிரிப்பு பத்து வீட்டுக்குக் கேட்கும். சாப்பிட்டு முடிக்கும்வரை சோறு சுடும். அந்தச் சூட்டில்தான் தூரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த மூன்று வருஷம் என்றால் அவருக்கு நெய் வாசம்தான் முதலில் வரும்.

நாலாவது வருஷம் இரண்டு புரோமோட்டர்களுக்கும் வழி விடுகிற பேச்சு முறிந்தது. ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரியில் ஹாலோபிளாக் வந்து இறங்கி, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அந்த ஒரு அடியின்மேல் ஏழடிச் சுவர் எழுந்துவிட்டது. அப்போதுதான் அங்கே ஓர் அடி இருந்த சங்கதியே ஜனங்களுக்குத் தெரிந்தது. பழனிவேலு வரைபடத்தை விரித்துக் காட்டி, "பாருங்க, ரெண்டு கோடு இருக்குதா, இல்லையா?" என்றார். இருந்தது. சுவர் வந்ததும் வீதி முட்டுத்தெரு ஆயிற்று, முட்டுத்தெரு ஆனதும் தெருக்குத்து வந்தது, தெருக்குத்துக்குப் பரிகாரமாகக் கார்டன்காரர்கள் சுவரின் இந்தப் பக்கம் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள், அவென்யூக்காரர்கள் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள், இரண்டு பேரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து கொழுக்கட்டை வாங்கிக்கொண்டார்கள். பூவாத்தாள் பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேலே போசியை நீட்டுவாள். அவர் கீழிருந்து கையை நீட்டுவார். முகம் தெரியாது, இரண்டு கை மட்டும் தெரியும். ஆனாலும் சோறு சுட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி அடைமழையில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சுவர் விழுந்தது. இரண்டு பிள்ளையார்களுக்கும் ஒரு கீறல் இல்லை. ஜனம் அவர்களைத் தூக்கி, கார்டன் முனையில் இருந்த வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மைசூர்பாகு வாங்கி வந்து பங்கிட்டுத் தின்றது. பூவாத்தாள் இடிபாட்டின்மேல் கால் வைத்து, போசியோடு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி வீட்டுக்குள் நடந்து வந்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், சாவகாசமாகக் கேட்டாள்:

"ஏஞ்சாமி, அந்த ஒரு அடிய விட்டு வரைஞ்சானே, அவன் உன்ற ஆபீசுதானே? யாருன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் அந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டிருந்தால்கூட சொல்லியிருப்பார். நம்பிக் கேட்டாள், அதுதான் கஷ்டமாகிவிட்டது.

"நாலஞ்சு பேரு வரைவாங்கக்கா. யாருன்னு கண்டது."

"எவனோ. அந்தக் கோட்டைப் போட்டவன் கை வெந்து போக" என்று சொல்லிவிட்டு, அவள் காலிப் போசியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அந்த ஒரு அடி, இரண்டு கையையும் விரித்து நின்றால் வருகிற ஒரு பாகம் அகலம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பத்தடி. அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு பஸ் நிற்கலாம். கார்த்திகைத் தீபத்துக்குள் இந்த முனையில் ஏற்றின விளக்கு அந்த முனைக்குப் பொட்டாகத் தெரிந்தது. பொங்கலுக்கு அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. அவரவர் வீடு அவரவர் இடத்தில்தான் இருந்தது, சைட் அளவு ஓர் அங்குலம் குறையவில்லை, சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் போனால் பழைய தூரம்தான் வந்தது; நடுவில் இருந்த அந்த ஒரு அடி மட்டும், கோரைப்புல்லும் நாயுருவியும் முளைத்து, மேலே பெரிய வானத்தோடு விரிந்துகொண்டே போனது.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? முதல் வாரம் வந்து பார்த்தார்கள், இரண்டாம் வாரம் வந்து பேசினார்கள், மூன்றாம் வாரம் துணி காயப்போட்டார்கள். பையன்கள் நாலு இடத்தில் ஸ்டம்பு நட்டார்கள். அளந்து பார்க்க அரசாங்க சர்வேயர் ஒருவர் வந்தார், டேப்பின் ஒரு நுனியைப் பிள்ளையார் பக்கம் கட்டிவிட்டு மறுநுனியோடு நடந்தார், டேப் தீர்ந்தது, இன்னொரு டேப்பைக் கட்டினார், அதுவும் தீர்ந்தது, வெயிலில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்துப் பார்த்தார், கோப்பில் ஓர் அடி என்று இருந்தது. 'அளந்து சரிபார்க்கப்பட்டது, ஓர் அடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பழனிவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. மடியில் முடிந்துவைத்த ஓர் அடி காடாக விளைந்திருக்கிறதே என்று, கல் நட்டு, கொடி கட்டி, சைட் பிரித்து விற்றார். வாங்கினவர்களுக்கு முதலில் ஒரே சந்தோஷம், ஏனென்றால் வாரா வாரம் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சைட் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு குடும்பம் வீடே கட்டிக் குடிவந்தது. பிறகு ஒருநாள் உப்பு கடன் கேட்கக் கார்டனில் ஒரு வீட்டுக்குக் கிளம்பின அந்த வீட்டு அம்மாள் மத்தியானம்தான் திரும்பி வந்தாள்.

அவென்யூ மாப்பிள்ளை ஒருவர் கார்டன் பெண்ணைக் கட்ட மேளதாளத்தோடு நேர்வழியில் கிளம்பி, முகூர்த்தம் தப்பி, நடுவழியிலேயே அடுத்த முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டினார். நட்டநடுவில் சுபைதாம்மா என்கிறவர் நாலு தகரமும் ஒரு பெஞ்சும் போட்டு டீக்கடை வைத்தார். ஷேர் ஆட்டோக்கள் கொஞ்ச நாள் ஓடிப் பார்த்தன. வாரா வாரம் தூரம் கூடினால் எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று அலுத்துப்போய் நின்றுவிட்டன. சரி, சுற்றிக்கொண்டு போகலாம் என்றால், அந்த வழியும் நீண்டுவிட்டிருந்தது. நடுவில் ஒரு பைபாஸ் வந்து, பைபாஸின் நடுவே தடுப்பு வந்து, எதிர்க்கடைக்குப் போக நாலு கிலோமீட்டர் தள்ளி வண்டியைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அதைப் பார்த்து மட்டும் யாரும் இது என்ன மாயம் என்று கேட்கவில்லை.

பூவாத்தாள் சுற்றுவழியில் போக ஒப்பவே இல்லை. "என்ற தம்பி ஊடு எதுக்கால இருக்குது. நான் எதுக்கு ஊரைச் சுத்தோணும்?" என்று, புல்லுக்குள் இறங்கி நேராக நடந்தாள். தை மாதம் சோறு வெதுவெதுப்பாக வந்தது. மாசியில் ஆறி வந்தது. சித்திரை வெயிலில் அவள் விடியலில் கிளம்பி உச்சிக்கு வந்தாள், நெய் உறைந்து மேலே வெள்ளையாகக் கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படியில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "அந்தக் கோட்டைப் போட்டவன் கை வெந்து போக" என்பாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சென்னியப்பன் அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து, தலையைக் குனிந்து சாப்பிடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நிலம் வளரும். இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவரும் வாரத்தில் ஆறு நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டார். ஏழாவது நாள் அவள் அந்த வீங்கின காலோடு வந்து உட்காரும்போது, இவள் மில் லைனையும் சிநேகிதிகளையும் விட்டு வந்ததே நம் பேச்சை நம்பித்தானே, இனி எந்த முகத்தோடு சொல்வது என்று நாக்கு உள்ளே போய்விடும். அக்காவைத் தவிர அவருக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இல்லை. சொன்னால் அவள் வரமாட்டாள், சொல்லாவிட்டால் அவளால் வரமுடியாமல் போகும். இதற்கு நடுவில் மனுஷன் என்ன செய்வான்?

யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். பரண்மேல் இருந்த முத்துவேல் கார்டனின் பழைய ட்ரேசிங் ஷீட்டை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, பாதி பிளேடை எடுத்து, மூன்றாவது வீதியின் முனையில் இருந்த இரண்டு கோட்டையும் சுரண்டத் தொடங்கினார். முப்பத்தோரு வருஷத்துக் கைப்பழக்கம், அடையாளம் தெரியாமல் சுரண்டுகிற கை. மை போகவில்லை. இன்னும் சுரண்டினார். ஷீட் அந்த இடத்தில் ஓட்டையாகிப் போனது. மறுநாள் சனிக்கிழமை, நிலம் ஒரேயடியாக இரண்டு மடங்காயிற்று. சுபைதாம்மா கடையைத் திறந்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு பக்கமும் ஊர் தெரியாததால், யாராவது வரட்டும் என்று தனக்கே ஒரு டீ போட்டுக் குடித்தார்.

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை பூவாத்தாள் பொழுது சாயும்போதுதான் வந்தாள். முந்தின நாள் மத்தியானமே கிளம்பி, இருட்டினதும் சுபைதாம்மாவின் பெஞ்சில் படுத்து, எழுந்து நடந்திருக்கிறாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தது. போசியை நீட்டினாள், அவர் மூடியைத் திறந்தார், புளித்த வாடை வந்தது.

"ஊசிப் போச்சு சாமி" என்றாள். அத்தனை பெரிய தொண்டையில் இருந்து அத்தனை சின்னக் குரலை அவர் கேட்டதே இல்லை. "வழியில திறந்து பார்த்தேன். கீழ கொட்டிரலாமுன்னுதான் நெனைச்சேன். வெறும் போசியோட எப்படி வாறதுன்னு கொண்டாந்துட்டேன்."

அவள் புருஷன் செத்தபோதுகூட அழாத அக்கா, படியில் உட்கார்ந்து, சோறு கெட்டதற்கு அழுதாள். இரவு அவர் ரசம் வைத்துக் கொடுத்தார், அவள் அதைக் குடித்துவிட்டு, "இனி என்னால ஆகாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நீயே எதாச்சும் பண்ணித் தின்னுக்கோ" என்று சொல்லிப் படுத்தாள். அன்றைக்கு மட்டும் அவள் யார் கையையும் வேகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில், பாதி தூரம் வருகிறேன் என்று அவரும் கூட நடந்தார். காற்று ஆடிக்காற்று, புல் படுத்துப் படுத்து எழுந்தது. பழனிவேலு நட்ட மஞ்சள் கல் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒன்றாகக் கிடந்தது. இங்கேதான் இஸ்திரி வண்டி நின்றது, இங்கேதான் கோலத்தின் நடுப்புள்ளி என்று ஒவ்வோர் இடமாக அவருக்கு மனசில் வந்தது, ஆனால் எந்த இடம் எங்கே போயிற்று என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. மத்தியானம் தாண்டி டீக்கடை வந்தது. பூவாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சுபைதாம்மா இரண்டு டீ ஆற்றிக் கொண்டிருந்தார். துணி காயப்போட வந்த பெண்கள் நாலு பேர், சைட் வாங்கிக் கட்டின குடும்பத்துப் பெரியவர், கிரிக்கெட் பையன்கள் எல்லாரும் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"அக்கா" என்றார் சென்னியப்பன். "அந்த ஒரு அடிய விட்டு வரைஞ்சது நான்தான்."

சுபைதாம்மா ஆற்றின டீயைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"பழனிவேலு சொன்னான், நான் போட்டேன். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. நீ கேட்டியே, சுவரு விழுந்த அன்னைக்கு, அப்பவாச்சும் சொல்லியிருக்கோணும். பயமா இருந்துச்சு. நீ வராமப் போயிருவியோன்னு பயந்துட்டே உன்னைய இத்தனை தூரம் நடக்க உட்டுட்டேன்."

அந்தப் பெரியவர், "அடக் கெடுத்தியே" என்று தொடங்கினார். சுபைதாம்மா அவரைப் பார்த்து, "சும்மா இருங்க மாமா, அவங்க பேசட்டும்" என்றார்.

பூவாத்தாள் நீட்டின காலை மடக்கிக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்தக் கை?"

அவர் வலது கையை நீட்டினார். நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்த காய்ப்பு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலிப் போசியை எடுத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல், அவென்யூ பக்கம் பார்த்து நடந்தாள். அவர் நின்று பார்த்தார். அவள் சின்னதாகி, புள்ளியாகி, புல்லோடு புல்லாகிப் போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தவர் கதவைச் சாத்தினார், கிழக்கு ஜன்னலையும் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை காதில் ஏதோ விழுந்தது. திங்கட்கிழமை அது என்னவென்று தெரிந்தது: எங்கேயோ ஒரு மிக்சி ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை அவென்யூ மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர், ஆடிப் பாட்டு, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. வெளியே ஜனங்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள், வழக்கம்போல, எதற்கும் ஆச்சரியப்படாமல். சைட் வாங்கினவர்கள் கல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து இடிக்கிறது என்று திட்டிக்கொண்டே கட்டாகக் கட்டித் தூக்கிப் போனார்கள். வீடு கட்டின குடும்பம் பார்த்தபோது, வீடு அவென்யூவின் காலி மனை ஒன்றில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கிரிக்கெட் பையன்கள் அடித்த பந்து மூன்று ஜன்னலை உடைத்தது. வியாழக்கிழமை சுபைதாம்மா தன் நாலு தகரத்தையும் பிரித்து, இரண்டு பிள்ளையார்களுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டார். "இடம்னு ஒண்ணு வேணுமில்லீங்களா" என்று அவர் யாரிடமோ சொல்வது சென்னியப்பன் வீட்டுக்குள் கேட்டது.

எல்லாம் கேட்டது. ஆனாலும் அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் தூரம் இருந்தது. தூரத்தைக் காட்டி, அவளால் முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது முப்பத்தெட்டு எட்டு மட்டுமே இருந்து, அவள் கேட்டு எதிரில் தெரிந்து, அந்தக் கேட்டு திறக்காமலே இருந்துவிட்டால் என்ன செய்வது? கிலோமீட்டர் கணக்கில் கிடந்த நிலத்தைவிட அந்த முப்பத்தெட்டு எட்டுதான் அவரைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று. சின்ன வெங்காயம் தாளிக்கிற வாசம் வந்தது, யார் வீட்டிலோ என்று நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது, புதுச் செருப்பு. கேட்டுக் கொண்டி திறந்தது. கதவை யாரும் தட்டவில்லை, வெளியில் நின்றுகொண்டே ஒரு குரல் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னது:

"கதவைத் தெற."

திறந்தார். பூவாத்தாள் நின்றாள். அவளுக்குப் பின்னால், நூல் பிடித்த மாதிரி, மூன்றாவது வீதி போய் ஐந்தாவது வீதியாகிக் கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பில்லை. போசியின் மூடி இடுக்கில் இருந்து ஆவி வந்தது. அவர் பழக்கத்தில் தோள் துண்டை எடுத்தார்.

"துண்டு எதுக்கு? வெறுங்கைல வாங்கு" என்றாள். "அந்தக் கைல."

சென்னியப்பன் வலது கையை நீட்டினார். அவள் போசியை அந்த உள்ளங்கையின்மேல் வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். கை வெந்தது. அவர் கீழே வைக்கவில்லை.